ஆட்டத்தை விட்டு எழுந்து வந்தவர்

மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கேலரியில் இருந்தவர்களும் தட்டினார்கள். நானும் என் மகள் தாரணியும் மட்டும் மடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தோம்.

இந்த மே மாதம், கோயம்புத்தூரில் வருடா வருடம் நடக்கும் பாஸ்கெட்பால் போட்டியின் கடைசி நாள் அது. பெண்கள் பைனலுக்கு முன்னால் மைதானத்து ஓரத்திலேயே சின்னதாக ஒரு மேடை போட்டிருந்தார்கள். போன ஐப்பசியில் காலமான என் கணவர் ரங்கசாமியின் பெயரில் பெண்கள் அணிக்கு ஒரு சுழற்கோப்பை. குடும்பத்தோடு வந்து நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்று போட்டிக் கமிட்டிச் செயலாளர் ஜெகதீசன் சூலூருக்கு எங்கள் வீடு தேடி வந்து அழைத்திருந்தார். பழம், பூ எல்லாம் வைத்துத்தான் அழைத்தார். குறை சொல்ல முடியாது.

அதே ஜெகதீசன்தான் இப்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ரங்கசாமி அண்ணன் மாதிரி ஒரு ரசிகனை இனி இந்த மைதானம் பாக்கப் போறதில்லைங்க. ஒரு வருசம் பைனல் அன்னிக்கு, பெத்த பொண்ணு ஆஸ்பத்திரியில ஆபரேசன் டேபிள்ல கெடக்குது. தகவல் வருது. அண்ணன் அசையலைங்களே! கடைசி விசில் ஊதற வரைக்கும் உக்காந்து பாத்துப்போட்டுத்தான் எந்திரிச்சாரு. அவருதானுங்க ரசிகன்!"

அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

ஆபரேஷன் டேபிளில் கிடந்ததாகச் சொன்ன அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தலை நிமிரவில்லை.

அந்தக் கோபம் இதை எழுதும்போதும் அடங்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலை பார்த்த நாட்களைப் பற்றித்தான் இந்தப் பத்தியில் சில வாரங்களாக எழுதிக்கொண்டு வருகிறேன். இந்த வாரம் அது இருக்கட்டும்.

அரிசிம்பருப்பும் அவரும்

சூலூரில் என் கணவர் விசைத்தறி சாமான் கடை வைத்திருந்தார். பல்லடம் பக்கமிருந்து தறிக்காரர்கள் ஊடுநூல் ஓட்டும் நாடாவுக்கும் மோட்டார் பெல்ட்டுக்கும் வருவார்கள். கடையில் எப்போதும் எண்ணெயும் ரப்பரும் கலந்த ஒரு வாசம் இருக்கும். அவர் சட்டையிலும் அதே வாசம்தான். நான் எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை.

அவர் ஒரு நாளும் பாஸ்கெட்பால் ஆடியது கிடையாது. சின்ன வயதில் யாரோ உறவுக்காரரோடு கோயம்புத்தூர் வந்தவர், மழைக்கு ஒதுங்கின இடத்தில் ஆட்டம் நடந்திருக்கிறது. அவ்வளவுதான். அந்த வளையத்துக்குள் பந்து விழும்போது வலை போடுகிற சத்தம் இருக்கிறதே, அது காதிலேயே தங்கிவிட்டது என்பார்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது பயமாகத்தான் இருந்தது. மே மாதம் போட்டி வந்துவிட்டால் மத்தியானமே கடை ஷட்டரை இறக்கிவிடுவார். என் மாமியார் என்னைக் கூப்பிட்டு, "சூதாட்டம் கீதாட்டம் ஏதும் இருக்குமோ அம்மணி, ஒருவாட்டி நீயும் போய்ப் பாத்துட்டு வா" என்று அனுப்பிவைத்தார்.

போனேன். அவர் வளையத்துக்குப் பின்புறம், கேலரியில் மூன்றாவது படியில் உட்காருவார். ரெஃப்ரியைத் திட்ட மாட்டார். எதிரணிக்காரன் ப்ரீ த்ரோ போடும்போது எல்லோரும் ஊளையிட்டாலும் இவர் வாயைத் திறக்க மாட்டார். நல்ல ஷாட் யார் போட்டாலும் "அட என்ற சாமீ!" என்று ஒரு சத்தம். எல்லாம் முடிந்து வரும்போது எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். மாமியாரிடம் போய், பயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

போட்டி நடக்கிற வாரம் முழுக்க வீட்டில் மத்தியானச் சமையல் அவருடையது. அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு, பூண்டு தட்டி, அரிசிம்பருப்புச் சாதம் வடிவாகச் செய்வார். எனக்கு எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் வேலை. நான் வரும்போது தட்டில் நெய் ஊற்றி மூடி வைத்திருக்கும். "நான் ஆட்டம் பாக்கறதுக்கு நீ ஏன் அம்மணி அடுப்புல வேகோணும்" என்பார்.

தாரணிக்குத் தலைவாரி ரெட்டை ஜடை போடுவது அவர். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் போவது அவர். சனிக்கிழமை சீயக்காய் தேய்த்துவிடுவதும் அவர்தான். கண்ணில் பட்டு அவள் அலறினால், தன் கண்ணிலும் கொஞ்சம் பூசிக்கொண்டு, "பாத்தியா, அப்பனுக்கும் எரியுது" என்று சேர்ந்து அலறுவார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு ஆட்டம் பார்த்தவர் என்று மைக்கில் சொல்லி, அதற்குக் கைதட்டலும் வாங்குகிறார்கள்.

நாலு மணி வெயில்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு ஏன் அவர் பெயரில் கோப்பை என்பது அப்போதுதான் புரியும்.

ஆண்கள் ஆட்டம் சாயங்காலம், விளக்கு வெளிச்சத்தில், கேலரி நிறையக் கூட்டத்தோடு நடக்கும். பெண்கள் ஆட்டத்தை மட்டும் நாலு மணி வெயிலில் வைப்பார்கள். சிமெண்ட் படி தோசைக்கல் மாதிரி காயும். ரயிலில் எங்கிருந்தெல்லாமோ வந்த பெண்கள், காலியான படிகளுக்கு முன்னால் ஆடிவிட்டுப் போவார்கள். பார்க்க இருப்பது என் கணவரும், உக்கடத்தில் ரெக்சின் சீட் கவர் கடை வைத்திருந்த பஷீர் பாயும்தான். இரண்டு பேருக்கும் சிநேகிதம் உண்டானதே அந்த வெயிலில்தான். பாய் குடை கொண்டுவருவார். இவர் குளுக்கோஸ் பாக்கெட்டும் எலுமிச்சம்பழமும் கொண்டுபோவார். தோற்ற அணியிடம்தான் முதலில் போவார். "அந்த லாஸ்ட் பாஸ் இருக்குதே கண்ணு, அதுக்கே இத்தனை தூரம் வந்தது வசூல்" என்பார்.

வருடா வருடம் கமிட்டியிடம் போய்ப் பெண்கள் பைனலை விளக்கு வெளிச்சத்தில் வையுங்கள் என்று கேட்பார். "கூட்டம் வராதுங்கண்ணா" என்பார்கள். கூட்டம் வராத நேரத்தில் வைத்துவிட்டு, கூட்டம் வராது என்று சொல்லும் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல?

அந்தச் சாயங்காலம்

தாரணி அப்போது நாலாம் வகுப்பு. பைனல் அன்றைக்குக் காலையிலேயே வயிற்றுவலி என்றாள். முதல் நாள் மாங்காய் தின்றிருந்தாள், அதனால்தான் என்று நினைத்தோம். அவர் கடையையே திறக்கவில்லை. ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்து, மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் வலி விட்டது. எழுந்து தயிர்சாதம் சாப்பிட்டாள், சிரித்தாள். "நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேனில்ல" என்று அவரை அனுப்பியதே நான்தான். அவர் அரைமனதாகத்தான் பஸ் ஏறினார்.

சாயங்காலம் காய்ச்சல் வந்துவிட்டது. வாந்தி. வயிற்றைத் தொட்டால் பலகை மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் அவளைப் போட்டுக்கொண்டு திருச்சி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்தவுடன், குடல்வால் வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார்.

செல்போன் அப்போது பெரிய மில் முதலாளிகள் கையில்தான் பார்க்கலாம். ஆஸ்பத்திரி போனிலிருந்து மைதானத்து ஆபீசுக்குப் பேசினேன். எடுத்தவர் ஜெகதீசன். அப்போது கமிட்டியில் புதிதாகச் சேர்ந்த இளைஞர். என் கணவரை நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் சாப்பிட்டவரும்கூட.

விஷயத்தைச் சொன்னேன். "மைக்குல கூப்பிட்டுச் சொல்லீருங்க தம்பி, வளையத்துக்குப் பின்னாடி மூணாவது படியில இருப்பாரு" என்றேன்.

"சொல்லீர்றனுங்கக்கா" என்றார்.

காத்திருந்தேன். அவர் வரவில்லை. மறுபடியும் போன் செய்தேன்.

"அக்கா, சீஃப் கெஸ்ட் வந்து உக்காந்துட்டாருங்க. மேட்ச் நல்ல விறுவிறுப்பா போயிட்டிருக்குதுங்க. இப்பப் போயி மைக்குல ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு சொன்னா நல்லாருக்காதுங்க. முடிஞ்சதும் சொல்லீர்றேன்."

"தம்பி, பொண்ணை உள்ள கொண்டுபோகப் போறாங்க!"

"முடிஞ்சதும் சொல்லீர்றனுங்கக்கா" என்று போனை வைத்துவிட்டார்.

நான் எக்ஸ்சேஞ்சில் பாதி ஆயுளைக் கழித்தவள். முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய சாவுச் செய்தியை, பிரசவச் செய்தியை, லைன் கிடைக்காத ஊருக்கெல்லாம் சுற்றி வளைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். என் வீட்டுச் செய்தி, அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பத்தடியில் வந்து நின்றுபோனது. ஒரு பிரமுகர் முகம் சுளித்துவிடக் கூடாது என்பதற்காக.

பிறகு பஷீர் பாய் கடைக்குப் போன் போட்டேன். அன்றைக்கு அவருக்கு அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை, அதனால் ஆட்டத்துக்குப் போகவில்லை. நல்லவேளை, கடையில் இருந்தார். முழுக்கச் சொல்லக்கூட விடவில்லை. "வெச்சிரு தங்கச்சி, நான் கூட்டியாறேன்" என்றார்.

மிச்சம் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டை மூடிவிட்டார்களாம், உள்ளே இடம் இல்லை என்று. "என்ற மகளுக்கு ஆபரேசன், வழி உடுங்கடா" என்று தாரணியைத் தன் மகளாகவே சொல்லிக் கத்தி, பாய் வாலண்டியர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். சுற்றிப் போக நேரமில்லாமல் கோர்ட்டின் மூலையைக் குறுக்கே தாண்டி ஓடினார். ரெஃப்ரி விசில் ஊதி ஆட்டத்தையே நிறுத்தினார். மைதானம் முழுக்க ஊளை. ஸ்கோர் சமம். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்ததாம். பாய் போய் இவர் காதில் சொன்னதும், இவர் கேலரிப் படியிலிருந்து அப்படியே குதித்து ஓடிவந்தாராம். செருப்பு படிக்குக் கீழேயே கிடந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வெறுங்காலோடு அவர் ஓடிவந்தது என் கண்ணில் இருக்கிறது. ஸ்ட்ரெச்சரை அப்போதுதான் தள்ள ஆரம்பித்திருந்தார்கள். கூடவே ஓடி, தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, அப்பன் வந்துட்டேன். இங்கயேதான் நிப்பேன். நீ கண்ணை மூடித் தூங்கு சாமி."

அவள் பாதி மயக்கத்தில் இருந்தாள். கதவு மூடியது. அந்தக் கதவுக்கு முன்னாலேயே நின்றார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. டாக்டர் வெளியே வந்து பயமில்லை என்று சொன்ன பிறகுதான் சுவரில் சாய்ந்தார். பஷீர் பாய் எதிர்க்கடையில் ரப்பர் செருப்பு வாங்கிவந்து அவர் கால் பக்கத்தில் வைத்தார்.

யார் ஜெயித்தார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

மைக் சண்டை

தாரணி வீடு திரும்பிப் புண் ஆறின பிறகு, ஜெகதீசன் போனில் என்ன சொன்னார் என்பதை அவரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நேராகக் கமிட்டிக்குப் போனார். ஜெகதீசன் பெயரைக்கூட எடுக்கவில்லை. எந்த ஆட்டமாக இருந்தாலும், எந்தப் பெரிய மனுஷன் உட்கார்ந்திருந்தாலும், யாருக்காவது வீட்டிலிருந்து அவசரச் செய்தி வந்தால் அடுத்த டைம் அவுட்டிலேயே மைக்கில் சொல்லியாக வேண்டும், சம்மதிக்காவிட்டால் கோர்ட்டின் நடுவட்டத்தில் வந்து உட்காருவேன் என்றார். பஷீர் பாயும் கூட நின்றார். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

செல்போன் எல்லார் கைக்கும் வரும்வரை அந்த மைதானத்தில் அந்த வழக்கம் இருந்தது. எத்தனை அப்பன்மார், எத்தனை பிள்ளைகள், மைக்கில் பெயர் கேட்டு எழுந்து ஓடியிருப்பார்கள்! ரங்கசாமியின் பெயரில் ஏதாவது பொறிக்க வேண்டுமானால் இதைப் பொறித்திருக்கலாம்.

அந்தச் சண்டைக்குப் பழிவாங்கத்தானோ என்னவோ, கமிட்டிக்காரர்கள் கேலி பேச ஆரம்பித்தார்கள். "பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கறப்ப மேட்ச் பாத்த ஆளு" என்று. வருடங்கள் போகப் போகக் கேலி தேய்ந்து பாராட்டாகிவிட்டது. ஜெகதீசன் செயலாளர் ஆனதும் மேடைக்கு மேடை அதையே சொன்னார். பொய்யென்று தெரிந்தே சொன்னாரா, சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரா, எனக்குத் தெரியாது. அந்தக் கதையில் போனை எடுத்தவன் யார் என்ற கேள்வியே வராது என்பது மட்டும் தெரியும்.

"ஏனுங்க, நீங்க எந்திரிச்சு இல்லைன்னு சொல்லக் கூடாதுங்களா?" என்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

"உடு அம்மணி. அவந்தப்பை அவன் மூடிக்கறான். தாரணிக்குத் தெரியுமில்ல, அது போதும்" என்பார்.

இரண்டு ஸ்குரூ

மேடைக்கு வருகிறேன். கோப்பையின்மேல் போர்த்தியிருந்த பட்டுத்துணியை ஜெகதீசன் விலக்கினார். அடியில் பித்தளைத் தகடு. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினார்கள். படித்தேன். பெயருக்குக் கீழே, 'பெற்ற மகள் அறுவை சிகிச்சையில் இருந்தபோதும் ஆட்டத்தை விட்டு அகலாத ரசிகர்' என்று இருந்தது.

மைக்கை நானே எடுத்துக்கொண்டேன்.

"இதுல எழுதியிருக்கறது பொய்யுங்க. அவர் ஆட்டத்தைப் பாதியில உட்டுப்போட்டு வந்தாருங்க. செருப்புக்கூடப் போடாம ஓடியாந்தாரு. தகவல் தெரிஞ்ச நிமிசமே வந்தாரு. தெரியறதுக்குத்தானுங்க நேரமாச்சு. ஏன் நேரமாச்சுன்னு செயலாளரைக் கேளுங்க. போனை எடுத்தது அவருதான்."

ஜெகதீசன் சிரித்துக்கொண்டே மைக்குக்குக் கை நீட்டினார். "அக்கா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. இழப்பு அப்படிப்பட்டதுங்க..."

"உணர்ச்சியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று கேலரியிலிருந்து ஒரு குரல். பஷீர் பாய். முழங்கால் முடியாதவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "கூட்டிட்டுப் போனது நானு. இந்தா, இந்த மூலையிலதான் குறுக்க ஓடுனேன். ஆட்டத்தை நிறுத்துனாங்க. அன்னிக்கு இங்க இருந்தவங்க இன்னும் சாகலை, கேட்டுப் பாருங்க."

பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருவர் எழுந்தே நின்றார்.

"சரிங்கக்கா, அடுத்த வருசம் மாத்தீரலாம்" என்று ஜெகதீசன் என் காதருகில் சொன்னார். "இப்ப இப்படியே இருக்கட்டுங்க. டீவிக்காரங்க நிக்கறாங்க."

அன்றைக்கு சீஃப் கெஸ்ட். இன்றைக்கு டிவி.

தகடு இரண்டே ஸ்குரூவில்தான் நின்றிருந்தது. ஸ்கோர் மேசையில் இருந்த பெண்ணிடம், "ஸ்குரூ டிரைவர் இருக்குதா கண்ணு?" என்று கேட்டேன். அவள் ஜெகதீசனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடிகாரப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். விசைத்தறி சாமான் கடைக்காரர் பெண்டாட்டிக்கு ஸ்குரூ கழற்றத் தெரியாதா? எல்லார் முன்னிலையிலும் கழற்றித் தகட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த பெண்களுக்கு, பெயரில்லாத கோப்பையை நானே கொடுத்தேன். வியர்வையும் வெயிலுமாக நின்ற அந்தக் கேப்டன் பெண் குனிந்து என் காலைத் தொட்டாள்.

ஒண்டிப்புதூர் தாண்டி

திரும்பும்போது தாரணிதான் காரை ஓட்டினாள். ஒண்டிப்புதூர் தாண்டியதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, அப்பா நெசமாலுமே பாதியில வந்துட்டாருங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன கண்ணு கேக்கற? உன்ற கையைப் புடிச்சுட்டுத்தான கதவு வரைக்கும் வந்தாரு!"

"எனக்கு எதுவுமே நெனப்பில்லைங்கம்மா. கண்ணு முழிச்சப்ப ரெண்டு பேரும் இருந்தீங்க, அவ்வளவுதான் தெரியும். ஸ்கூல்ல, காலேஜ்லன்னு எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. ஆட்டம் முடிஞ்சுதான் வந்தாருன்னு நானும் நெனச்சுட்டேன். அவருக்கு அது அத்தனை உசுருன்னு தெரியும், அதனால கேக்கலை. கேட்டா சங்கடப்படுவாருன்னு..."

காரை ஓரமாக நிறுத்தினாள்.

அவள் இத்தனை வருடம் அப்பனை மன்னித்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறாள், அவர் செய்யாத ஒன்றுக்கு. அவரோ, மகளுக்குத் தெரியும் என்ற ஒரே நிம்மதியில் அத்தனை மேடைப் பேச்சையும் பொறுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு மேடைப் பொய் என் வீட்டுக்குள் வந்து அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்திருக்கிறது. சோறு பரிமாறிக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை. தகட்டைக் கழற்றியதோடு ஜெகதீசனை விட்டேனே என்று இருந்தது.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மடியில் போட்டுத் தட்டியது, ஓமத்தண்ணி, வெறுங்கால், கதவுக்கு முன்னால் நின்றது, எல்லாம். 'அப்பன் வந்துட்டேன்' என்று அவர் சொன்னதைச் சொன்னபோது ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதாள். நான் தடுக்கவில்லை. பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஜெகதீசனின் நம்பர் அவளிடம் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லும்மா தாரணி" என்றார் அவர். "அம்மா கோவம் தணிஞ்சுதா?"

"ஆபரேசன் பண்ணிக்கிட்ட புள்ள பேசறேனுங்க" என்றாள். "இத்தனை வருசம் என்ற கதையைச் சொன்னீங்களே, என்னைய ஒருவாட்டி கேட்டீங்களா? எங்கப்பா எங்கூடத்தானுங்க இருந்தாரு."

"அது வந்தும்மா..." என்று இழுத்தார் அவர்.

"புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். ஜெகதீசன் "புரிஞ்சுதும்மா" என்று சொல்கிறவரை போனை அவள் வைக்கவில்லை.